சோத்தைக் குறை: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கட்டளையின் வரலாறு

1

'சோத்தைக் குறைங்க.' ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், ஜிம் மாஸ்டர், பேலியோக்காரர், சுகர் வந்து பத்து வருஷமான பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய நால்வரும் இன்று கருத்து வேறுபாடின்றிச் சொல்லும் வாக்கியம் இது. மாவுச்சத்தைக் குறைத்தால் எடை குறையும் என்றொரு மருத்துவச் செய்தி இதற்குள் இருக்கிறது. அந்தச் செய்தியில் உண்மையும் இருக்கிறது. ஆனால் வாக்கியத்தின் வடிவம் கட்டளை. கட்டளை என்றால் இடுபவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர் உண்டு. ஏற்பவரின் தட்டில் அந்தச் சோறு எப்படி வந்து விழுந்தது, அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எது வரும் என்ற இரண்டு கேள்விகளைக் கட்டளை கேட்பதில்லை.

இவற்றுக்கு விடை சொல்வதாக இரண்டு கதையாடல்கள் நம்மிடையே புழங்குகின்றன. 'அரிசி நமது ஆதி உணவு, ஆயிரம் ஆண்டு தின்றோம், ஒன்றும் ஆகவில்லை' என்பது ஒன்று. 'முன்னோர் கம்பும் கேப்பையும் தின்று திடமாக இருந்தார்கள், அரிசி வந்து கெடுத்தது' என்பது மற்றொன்று. எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றும் இவை இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டுமே உணவை வரலாற்றிலிருந்து பிய்த்தெடுத்துப் 'பண்பாடு' என்ற பரணில் ஏற்றிவிடுகின்றன.

பரணிலிருந்து இறக்கிப் பார்க்கக் கம்பம் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் குறைவு. கூடலூர் தொடங்கித் தேனி வரை இரண்டு மலைகளுக்கு நடுவே கிடக்கும் இந்தப் பச்சை வயல்வெளியின் பெரும்பகுதிக்குப் பிறந்த தேதி உண்டு. அதனால் இங்கே சோற்றுக்கும் ஒரு தேதி உண்டு.

2

தேதிகளை லண்டனிலிருந்து தொடங்கலாம். மாவுச்சத்துக் குறைப்பின் முதல் பிரபல நூல் அங்கேதான் வந்தது. 1863இல் வில்லியம் பேன்டிங் என்ற சவ அடக்க ஏற்பாட்டாளர் உடல் பருமன் பற்றி ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். வயது அறுபத்தாறு. குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியாத உடம்பு. வில்லியம் ஹார்வி என்ற டாக்டர் ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பீர் ஆகியவற்றை விடச் சொன்னார். பேன்டிங் இறைச்சி, மீன், ஒயின் என்று சாப்பிட்டு ஓராண்டில் 46 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 21 கிலோ இறங்கினார். அவர் பெயரே ஆங்கிலத்தில் டயட் இருப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லாகிவிட்டது. இன்று அட்கின்ஸ், கீட்டோ, பேலியோ என்று எந்தப் பெயரில் வந்தாலும் மூதாதை இந்தப் பிரசுரம்தான்.

பேன்டிங்கின் பிரசுரம் வந்த பதின்மூன்றாம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது (1876–78). மதுரை மாவட்டமும் தப்பவில்லை. வைஸ்ராய் லிட்டனின் அரசு அனுப்பிவைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877இல் நிவாரண வேலைத்தளங்களில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் அளவு கூலி போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம், சுமார் 1600 கலோரி. வெயிலில் மண்வெட்டி பிடிப்பவனுக்கு இது பட்டினிக் கணக்கு. அதை எதிர்த்தவர் இன்னொரு வெள்ளைக்காரர்: மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். தானியத்தைக் கூட்டு என்பதோடு அவர் நிற்கவில்லை. வெறும் தானியத்தால் உழைக்கும் உடம்பு நிற்காது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். எதிர்ப்புக்குப் பின் அந்த ஆண்டே கூலி உயர்ந்தது. அதற்குள் செத்தவர்கள் செத்துப் போனார்கள்.

தமிழ் உடம்பு நவீன ஊட்டச்சத்துக் கணக்குக்குள் நுழைந்த இடம் பஞ்ச நிவாரண முகாம். லண்டன்காரரின் உடம்பு 'எதைக் குறைக்கலாம்' என்ற கேள்வியோடு அளக்கப்பட்டது. நம்முடையது 'எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் சாகாமல் வேலை செய்யும்' என்ற கேள்வியோடு அளக்கப்பட்டது. ஒன்று தானாகத் தேர்ந்த குறைப்பு, மற்றது மேலிருந்து விதித்த குறைப்பு. 'முன்னோர் ஒல்லியாக, ஆரோக்கியமாக இருந்தார்கள்' என்று யாராவது பெருமை பேசினால் அந்த ஒல்லியில் எவ்வளவு ஆரோக்கியம், எவ்வளவு பஞ்சம் என்று பிரித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

3

மேற்கே பாயும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் யோசனை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சீமையில் எழுந்ததுதான். பஞ்சம் அதற்கு அவசரம் கொடுத்தது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. 1887இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். ஜான் பென்னிகுயிக் கட்டிய அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வைகையில் சேர்ந்து மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் போகிறது.

அதற்கு முன் இங்கே நெல் இல்லாமலில்லை. சுருளியாற்று வாய்க்கால்களும் குளங்களும் இருந்தன, அவற்றின் கீழே நஞ்சையும் இருந்தது. ஆனால் நஞ்சை யார் கையில் இருந்ததோ அவர்கள் தட்டில்தான் நெல்லுச்சோறு இருந்தது. மற்ற சனங்களுக்குக் கம்பஞ்சோறு, சோளச்சோறு, கேப்பைக்களி, குதிரைவாலி, வரகு. 'தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச்சோறு' என்று இன்றும் கிழவிகள் சொல்வது ஏக்கமும் கோபமும் கலந்த ஒரு வர்க்க வரலாறு. நெல்லுச்சோற்றுக்கு 'நெல்லு' என்ற அடைமொழி தேவைப்பட்ட காலம் அது. 'சோறு' என்றாலே அரிசி என்று பொருள் சுருங்கியது பின்னால் நடந்தது. அந்தச் சுருக்கத்துக்குள் ஒரு நூற்றாண்டின் அரசியல் மடிந்து கிடக்கிறது.

அணைத் தண்ணீர் பள்ளத்தாக்கை இருபோக நஞ்சையாக்கியது. தேனி மாவட்டத்தில் இன்று 14,707 ஏக்கர் இருபோக நெல் ஆயக்கட்டு என்பது அரசுக் கணக்கு. நெல்லோடு ஒரு ஒழுக்கமும் வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்கப்பட்ட பிரமலைக் கள்ளர்களைப் 'பயிர் செய்யும் நல்ல குடிகளாக' மாற்றும் காலனியத் திட்டத்துக்கு இந்தப் பாசனமும் கருவியானது. கம்பம் பள்ளத்தாக்கில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட நூல், நிலத்தைப் பண்படுத்துவதும் மனிதரைப் பண்படுத்துவதும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை விரிவாகப் பேசுகிறது. அதன் நீட்சியாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: வயலோடு சேர்ந்து வயிறும் பண்படுத்தப்பட்டது. நெல்லுச்சோறு தின்பவன் 'நாகரிகமானவன்', களி தின்பவன் 'காட்டான்'.

இதை வெறும் காலனியச் சதி என்று ஒதுக்க முடியாது. மறுக்கப்பட்ட ஒன்று கிடைத்தபோது சனங்கள் அதை உரிமையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமே எழுந்தது. பானையில் பொங்குவது அரிசி. அதைப் பார்த்து 'கார்போஹைட்ரேட்' என்று முகம் சுளிப்பவருக்கு அந்தப் பானையின் கதை தெரியாது.

4

அரிசி பரவிக்கொண்டிருந்தபோதே அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அறிவியலும் தமிழ் மண்ணிலேயே உருவானது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1918இல் தொடங்கிய ஆய்வு, 1920களின் இறுதியில் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மூலம் அதுதான். மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி தின்ற 'சீக்கிய' எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. தீட்டிய அரிசி தின்ற 'மதராஸி' எலி சோகை பிடித்துப் போனது.

தீட்டிய அரிசியில் உயிர்ச்சத்தும் புரதமும் போதாது என்ற முடிவு சரியானது. சிக்கல் 'மதராஸி' என்ற வகைமையில் இருக்கிறது. அதே ஆண்டுகளில் கம்பமும் சோளமும் தின்றுகொண்டிருந்த ஆண்டிபட்டிக்காரர் இந்த எலிக்குள் இல்லை. ராணுவத்துக்கு ஆள் எடுப்பதற்காகக் காலனி அரசு ஏற்கெனவே வகுத்திருந்த 'வீர இனம்', 'வீரமற்ற இனம்' என்ற பாகுபாடு சோதனைக்கூடத்தின் எலிக்கூண்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: சீக்கிய எலி ஜெயித்தது மாவுச்சத்து இல்லாததால் அல்ல. கோதுமையும் மாவுச்சத்துதான். பக்கத்தில் பாலும் பருப்பும் காய்கறியும் இருந்ததால் ஜெயித்தது. அதாவது கார்னிஷ் 1877இல் சொன்னதைத்தான் எலிகள் அரை நூற்றாண்டு கழித்துச் செத்தும் பிழைத்தும் நிரூபித்தன.

5

சுதந்திரத்துக்குப் பின் அரிசி தேர்தல் மொழியானது. 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றியது. பசுமைப் புரட்சி ரகங்கள் விளைச்சலைக் கூட்டின. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் அட்டைக்கு 20 கிலோ வரை விலையில்லா அரிசி. பஞ்சத்தின் நினைவு ரத்தத்தில் இருக்கும் ஒரு சமூகத்தில் பட்டினியை ஒழித்த காரியம் இது. 'இலவச அரிசி சோம்பேறியாக்குகிறது' என்று பேசும் நடுத்தர வர்க்கத்து வாய்களோடு நமக்கு உடன்பாடில்லை.

ஆனால் ரேஷன் கடைக்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2007இல் வந்த சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஒரு அட்டைக்குத் துவரம்பருப்பு மாதம் 1 கிலோ, பாமாயில் 1 லிட்டர். அரிசி இருபது, பருப்பு ஒன்று. இந்த விகிதம்தான் இன்றைய ஏழைத் தட்டின் வரைபடம். டெம்பிளின் ஒரு பவுண்டு தாராளமாகப் பெருகியது. கார்னிஷ் கேட்ட பருப்பு மட்டும் கிலோவிலேயே நின்றுவிட்டது.

இதே காலத்தில் உழைப்பும் மாறியது. ஏர் போய் டிராக்டர் வந்தது, உரல் போய் மில் வந்தது. இருந்தாலும் எல்லா உடம்பும் உட்கார்ந்துவிடவில்லை. கம்பம், போடி பக்கத்துப் பெண்கள் விடியுமுன் தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். தூக்குவாளியில் சோறுதான் அதிகம், மேலே கொஞ்சம் குழம்பு, ஊறுகாய். வீட்டில் முட்டையோ கறியோ இருந்தால் அது ஆணுக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது. அவள் தட்டில் மாவுச்சத்து அதிகமாக இருப்பதற்கு நாக்கின் ருசி காரணமல்ல, வீட்டின் அதிகாரம் காரணம்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதம். 1992இல் ஹேல்ஸும் பார்க்கரும் முன்வைத்த கருதுகோள் ஒன்று இங்கே நினைவுக்கு வரும்: தாயின் வயிற்றில் பட்டினி கிடந்த குழந்தை சிக்கனத்துக்குப் பழகிய உடம்போடு பிறக்கிறது, பின்னால் சோறு தாராளமாகக் கிடைக்கும்போது அந்த உடம்பு தடுமாறிச் சர்க்கரை நோய்க்கு ஆளாகிறது. அந்தக் கருதுகோளின்படி பார்த்தால் பஞ்சம் முடிந்துபோன சமாச்சாரமல்ல, கணையத்தில் தொடர்கிறது.

6

இனி, மாவுச்சத்துக் குறைப்பு உண்மையில் என்ன தருகிறது?

தருகிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர் மாவுச்சத்தைக் குறைத்தால் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை இறங்குகிறது, பலருக்கு மாத்திரையின் அளவும் குறைகிறது. டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு குறைகிறது. புரதம் கூடுவதால் பசி அடங்குகிறது, அதனால் மொத்தத் தீனி குறைந்து எடை இறங்குகிறது. 2010களில் நியாண்டர் செல்வன் போன்றோரின் எழுத்து வழியே தமிழில் பரவிய பேலியோ இதைப் பல்லாயிரம் பேருக்குச் சொந்த உடம்பில் காட்டியது. அது தற்செயலாகச் செய்த பண்பாட்டு வேலையும் உண்டு. சைவமே சாத்வீகம், கவுச்சி கெடுதல் என்ற மேல்சாதி உணவறத்தைக் கவிழ்த்து முட்டைக்கும் கறிக்கும் கொழுப்புக்கும் கௌரவம் கொடுத்தது.

கூடவே வந்த மயக்கங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் 'ரெண்டு கிலோ போச்சு' என்பது முதலாவது. கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமித்த மாவுச்சத்து, கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோறு நின்றதும் சேமிப்பு கரைகிறது, தண்ணீர் வெளியேறுகிறது. தராசு காட்டுவதில் பெரும்பங்கு அந்தத் தண்ணீர். சோறு திரும்பினால் அதுவும் திரும்பும்.

இரண்டாவது, மற்ற எல்லா டயட்டையும் இது தோற்கடித்துவிடும் என்ற நம்பிக்கை. 2003இல் அமெரிக்காவில் 63 பேரிடம் நடந்த ஆய்வில் அட்கின்ஸ் முறை ஆறு மாதத்தில் முந்தியது. ஓராண்டில் வித்தியாசம் மறைந்தது. 2018இல் ஸ்டான்ஃபோர்டில் கார்ட்னர் குழுவினர் 609 பேரிடம் செய்த ஆய்வில் ஓராண்டில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கினார்கள். புள்ளியியல்படி இரண்டும் ஒன்றுதான். விடாமல் கடைப்பிடிக்க முடிந்த முறையே உதவும் முறை.

மூன்றாவது மயக்கம்தான் நம்மூரில் பெரியது: அரிசியை விட்டுக் கம்புக்கு மாறினால் அது மாவுச்சத்துக் குறைந்த உணவு என்பது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் நூறு கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், சோளத்தில் 68, கேப்பையில் 67, கம்பில் 62. நார்ச்சத்து அரிசியில் 3 கிராமைத் தொடவில்லை, இவற்றில் 10, 11. நார் நல்லதுதான், கம்பில் புரதமும் கூடுதல்தான். ஆனால் மூன்று சட்டி அரிசிச் சோற்றுக்குப் பதில் மூன்று சட்டி களி தின்றால் சர்க்கரைக்கு அது தெரியும். 1,21,000 பேரின் உணவை ஆராய்ந்து 2025இல் வெளிவந்த இந்தியாப் ஆய்வு, இந்தியர் உட்கொள்ளும் ஆற்றலில் 62 சதம் மாவுச்சத்து என்றது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் தீட்டிய தானியத்தை முழுக்கோதுமையாகவோ சிறுதானியமாகவோ மாற்றுவதற்கும் நீரிழிவு அபாயம் குறைவதற்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. மாவுச்சத்திலிருந்து வரும் ஆற்றலில் 5 சதத்தைத் தாவரப் புரதமாகவோ பால் புரதமாகவோ மாற்றுவது அபாயக் குறைவோடு சேர்ந்து வருகிறது என்பது அதே ஆய்வின் மறுபாதி. சிறுதானியத்தைப் பாக்கெட்டில் அடைத்து 'மரபு' என்று விலையேற்றி விற்பவர்கள் இந்த மறுபாதியைப் பேசுவதில்லை.

நான்காவது, இது எல்லோருக்கும் பாதுகாப்பானது என்பது. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைச் சட்டென்று நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை அறவே விட்டால் ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. சிறுநீரகம் பழுதானவர் புரதத்தைத் தன்னிச்சையாகக் கூட்டக்கூடாது. சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறும். எஸ்டேட்டில் ஏறி இறங்கி வேலை செய்கிறவள் காலைச் சோற்றை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ஜீப் ஏறினால், சரிவில் மயங்கி விழுவதற்கு 'டயட்' என்று பெயர் வைக்க முடியாது.

7

ஆக, மாவுச்சத்துக் குறைப்பின் நன்மை முழுவதும் ஒரு நிபந்தனையில் தொங்குகிறது: எடுத்த இடத்தில் வேறொன்று வைக்கப்பட வேண்டும். பேன்டிங்கிடம் இறைச்சி வாங்கக் காசு இருந்தது. பேலியோ அட்டவணை காலைக்கு நூறு பாதாம் என்கிறது. ஏலத்தோட்டக் கூலியில் அது எத்தனை பங்கு என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மலிவான புரதமான மாட்டுக்கறி பற்றி உணவு அட்டவணைகள் வாய் திறப்பதே அபூர்வம். அங்கே ஊட்டச்சத்து அறிவியல் மௌனமாகிச் சாதி பேசுகிறது.

மாற்று வைக்க வழியில்லாதவரிடம் 'சோத்தைக் குறை' என்பது மருத்துவ மொழியில் சொல்லப்பட்ட பட்டினிதான். அவர் கேட்கமாட்டார், கேட்கவும் கூடாது. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது 'சொன்னா கேக்க மாட்டீங்களே' என்று திட்டு வாங்குவார். தட்டின் அமைப்பால் வந்த நோய், தனிமனிதரின் ஒழுக்கக்கேடாக இப்படித்தான் உருமாறுகிறது. நூறாண்டுக்கு முன் நெல் பயிரிடாததால் 'திருத்தப்பட வேண்டியவர்' ஆனவரின் பேத்தி, இன்று நெல்லுச்சோறு தின்பதால் 'திருத்தப்பட வேண்டியவர்' ஆகிறார்.

கட்டளையின் முகவரியை மாற்றினால் என்ன? 2024இல் வந்த தேசிய வழிகாட்டுதல் மொத்த ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 சதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. நல்லது. அந்த வழிகாட்டுதல் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் ரேஷன் கடைக் கிட்டங்கி. இருபதுக்கு ஒன்று என்ற விகிதம் மாறி, பருப்பும் தட்டாம்பயறும் மொச்சையும் கொண்டைக்கடலையும் முட்டையும் அட்டைக்கு ஏறட்டும். இருக்கும் அரிசியில் ஒரு மணி குறையாமலேயே இது நடக்க வேண்டும். அரிசி பஞ்சத்துக்கு எதிராக வாங்கிய உரிமை, அதை விட்டுக்கொடுத்துப் பருப்பு வாங்க வேண்டியதில்லை. பக்கத்தில் வேறு உணவு வந்தால் தட்டில் சோறு தானாகச் சுருங்கும். எந்தக் கட்டளையும் தேவைப்படாது.

1877இல் டெம்பிளிடம் கார்னிஷ் கேட்டது இதைத்தான். ரேஷன் அட்டையில் அந்தப் பருப்பு இன்னும் ஒரு கிலோவாகத்தான் இருக்கிறது.